பேசத் தெரியாத பாப்பாவிடம் கண் டாக்டர் என்ன கேட்பார் தெரியுமா?

கண்ணின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? பாப்பா! கண் பாப்பா! இன்னும் பழைய பெயர் வேண்டுமென்றால் பாவை. பாவை என்றால் பொம்மை. யார் கண்ணையாவது ஒரு சாண் தூரத்தில் போய் உற்றுப் பாருங்கள், அந்தக் கறுப்புக்குள் ஒரு குட்டிப் பொம்மை நிற்கும். அது நீங்களேதான்! லத்தீன் பேசியவர்களும் இதே பொம்மையைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த 'பூப்பில்லா' என்ற பெயருக்கும் சின்னப் பொம்மை, சின்னப் பெண் என்றுதான் பொருள். எங்கோ இருந்த இரண்டு மொழிகளுக்கு ஒரே கண்ணுக்குள் ஒரே பொம்மை தெரிந்திருக்கிறது!

அந்தக் கண் பாப்பாவுக்குள், வீட்டுப் பாப்பா பிறந்த முதல் சில நாள்களிலேயே ஒரு டாக்டர் விளக்கடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது தெரியுமா? ஓரிரு நிமிட வேலைதான். அதில் ஒரு கண் பிழைக்கலாம், சில சமயம் உயிரே பிழைக்கலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கு என்னதான் தெரிகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், அதுவே பெரிய அதிசயம்!

பச்சைக் குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு துலங்கும். அதைத் தாண்டினால் எல்லாம் மங்கல். அது என்ன கணக்கு, 20 முதல் 30? பால் குடிக்கும் குழந்தையின் கண்ணிலிருந்து அம்மாவின் முகம் இருக்கும் தூரம்! உலகத்தில் வேறெதுவும் தெரியாவிட்டாலும் போகட்டும், அம்மா தெரிய வேண்டும் என்று யாரோ அளந்து வைத்ததுபோல் இருக்கிறது. பிறக்கும்போது கண்விழியின் நீளம் சுமார் 17 மில்லிமீட்டர், வளர்ந்தவருக்கு 24. ஆனால் முன்பக்கம் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழிப் படலம் பிறக்கும்போதே 10 மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. வளர்ந்தவருக்கே சுமார் 12-தான். சின்ன முகத்தில் கிட்டத்தட்ட பெரியவர் அளவுக் கருவிழி! குழந்தைகளின் கண் ஏன் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு அழகாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

பெரியவர்கள் நிமிடத்துக்குப் பதினைந்து முறைபோல இமைக்கிறோம், கைக்குழந்தை இரண்டு மூன்று முறைதான். பிறந்த புதிதில் வீடே அதிர அழும், கண்ணீர் மட்டும் வராது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். முதல் இரண்டு மூன்று மாதம் இரண்டு கண்ணும் சில நேரம் ஆளுக்கொரு பக்கம் போகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. நாலாவது மாதத்துக்குப் பிறகும் போனால்? அல்லது முதல் நாளிலிருந்தே ஒரு கண் நிலையாக ஒதுங்கியே இருந்தால்? அப்போது நாள் கடத்தவே கூடாது.

ஏன் கூடாது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் உயிர் இருக்கிறது. நாம் பார்ப்பது கண்ணால் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? பார்ப்பது மூளை! கண் படத்தை அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்தப் படத்தைப் படிக்க மூளை கற்றுக்கொள்ள வேண்டும், நடக்கக் கற்பதுபோல, பேசக் கற்பதுபோல. நடப்பதற்கும் பேசுவதற்கும் வீடே கைதட்டுகிறது. பார்க்கக் கற்பது மட்டும் யாருக்கும் தெரியாமல், சத்தமே இல்லாமல் நடக்கிறது.

1960-களில் டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை நிரூபித்தார்கள். பூனைக்குட்டி ஒன்றின் ஒரு கண் இமையைச் சில காலம் தைத்து வைத்தார்கள். பிறகு தையலைப் பிரித்தால், கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கண் அனுப்பும் சேதியை மூளை கேட்கவே இல்லை! அந்தக் கண்ணுக்குரிய இடத்தையும் திறந்திருந்த கண் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனைக்கு அதே தையலைப் போட்டுப் பிரித்தார்கள், பாதிப்பே இல்லை. அப்படியானால் மூளையில் பார்வைக்கென்று ஒரு பருவம் இருக்கிறது. அந்தப் பருவத்தில் விதைத்தால்தான் விளையும்! இந்த ஆராய்ச்சிக்காக 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பூனைக்குட்டிகளை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று உலகெங்கும் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே கண்ணைப் பார்க்கச் சொல்வதற்கு அந்தக் குட்டிகளும் ஒரு காரணம்.

மனிதக் குழந்தைக்கு இந்தப் பருவம் ஏறத்தாழ ஏழு வயது வரை நன்றாகத் திறந்திருக்கும். அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சாத்திக்கொள்ளும். ஒரு கண்ணில் பவர் அதிகம், மறு கண் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கலான படம் அனுப்பும் கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்கும். பயன்படுத்தப் பயன்படுத்த நல்ல கண் தெளியும், ஒதுக்க ஒதுக்க மற்றது சோம்பும். 'சோம்பேறிக் கண்' என்று இதற்குப் பேச்சுப் பெயர். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பாவம், கண்ணா சோம்பேறி? அதற்கு வேலையே தரப்படவில்லை! நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. ஒரு வகுப்பறைக்கு ஒரு குழந்தை!

குழந்தை சொல்லாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டவள்தான், என் அக்கா மகள் விஷயத்தில். ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. கரும்பலகையில் எழுதுவதைப் படிப்பாள், ஓடுவாள், சண்டை போடுவாள், எந்தக் குறையும் இல்லை. மே மாத லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். அப்பா அவளுக்கு உண்டிவில் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கிணற்றடி மாமரத்தில் ஒரு மாங்காயைக் காட்டி, "ஒரு கண்ணை மூடிக்கிட்டுக் குறி பாரு தாயி" என்றார். அவள் இடது கண்ணை மூடினாள்.

"மாங்காயைக் காணோம் தாத்தா!"

அப்பா சிரித்துவிட்டார், விளையாடுகிறாள் என்று. "நல்லாப் பாரு."

"மரமே சரியாத் தெரியல தாத்தா." இடது கண்ணைத் திறந்து வலது கண்ணை மூடினாள். "இப்ப வந்திருச்சு!"

அவள் குரலில் பயமே இல்லை, எங்களுக்கு ஏதோ மந்திரம் காட்டுகிற சந்தோஷம்தான் இருந்தது. அப்பா உண்டிவில்லைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆறு வருடம் ஒரு கண்ணால் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அது. இரண்டு கண்ணாலும் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தால்தானே, தெரியவில்லை என்று சொல்வாள்?

வலது கண்ணில் பிளஸ் 5 பவர், இடது கண்ணில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. "மூணு வயசுலயே காட்டியிருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும், பரவாயில்லை, இப்பவும் நேரம் இருக்கு" என்றார் டாக்டர். மூன்று வயதில் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று அதுவரை எங்களிடம் யாரும் சொன்னதில்லை. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தோம், ஒன்று தவறவிடவில்லை. கண்ணுக்கு ஒரு தேதி உண்டு என்று தெரியவே தெரியாது.

வைத்தியம் என்ன தெரியுமா? நல்ல கண்ணைக் கட்டுவது! ஆமாம், நன்றாகப் பார்க்கிற கண்ணை மூடி, ஒதுக்கப்பட்ட கண்ணை வேலைக்கு அனுப்புவது. பிரான்சின் இயற்கை அறிஞர் பூஃபோன் 1743-லேயே மாறுகண்ணுக்கு இதை எழுதிவைத்துவிட்டார். கிட்டத்தட்ட 280 ஆண்டுகள் ஆகியும், லேசரும் ரோபோவும் வந்தும், இந்தக் கட்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது! முன்பெல்லாம் நாள் முழுக்கக் கட்டிவைப்பார்கள். 2003-இல் அமெரிக்கக் குழந்தைக் கண் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வில், நடுத்தர அளவுக் குறைக்குத் தினம் இரண்டு மணி நேரம் கட்டினாலே ஆறு மணி நேரம் கட்டிய பலன் கிடைப்பது தெரிந்தது. கட்டைப் பிய்த்து எறிகிற குழந்தைக்கு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டுச் சில நாள் மங்கலாக்கி வைக்கும் வழியும் உண்டு. எதைச் செய்தாலும் முதலில் சரியான கண்ணாடி. சில குழந்தைகளுக்குக் கண்ணாடி மட்டுமே போதுமானதாகிவிடும்.

கட்டியிருக்கும் நேரத்தில் கிட்டத்து வேலை ஏதாவது கொடுக்கச் சொன்னார்கள். அம்மா முறத்தில் உளுந்தைக் கொட்டி, "கல்லு பொறுக்கு கண்ணு" என்று உட்காரவைத்துவிட்டாள். முதல் வாரம் கல்லோடு பாதி உளுந்தும் போனது. கட்டின்மேல் தினம் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு மீன் வரைந்துகொள்வாள். மீதியைக் கடைசியில் சொல்கிறேன்.

மாறுகண் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம், குடும்பத்துக்கு யோகம் என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்! விலகும் கண்ணின் படத்தை மூளை ஒதுக்குகிறது, பார்வை போகிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பது பருவத்தைக் காத்திருந்தே தொலைப்பது. இன்னும் கொடுமை, சில குழந்தைகளுக்கு மாறுகண் என்பது உள்ளே இருக்கும் வேறு பெரிய நோயின் முதல் அறிகுறி. பள்ளியில் 'ஒன்றரைக் கண்' என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு பிள்ளை வளர்வது எந்த யோகத்தில் சேர்த்தி?

சரி, தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். அ, ஆ தெரியாத, பேசவே தெரியாத குழந்தையிடம் டாக்டர் எப்படிப் பவர் பார்ப்பார்? பிள்ளை எழுத்துப் படிக்கட்டும், பிறகு காட்டலாம் என்று எத்தனை வீடுகளில் தள்ளிப்போடுகிறார்கள்! குழந்தை ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை! ரெட்டினோஸ்கோப் என்று ஒரு கைவிளக்கு. அதன் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி லேசாக அசைப்பார்கள். விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளி விளக்கோடு சேர்ந்து நகர்கிறதா, எதிர்ப்பக்கம் நகர்கிறதா என்று பார்த்து, லென்ஸ் மாற்றி மாற்றி வைத்து, அசைவு நிற்கும் இடத்தில் பவரைச் சொல்லிவிடுவார்கள். குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்து பொம்மையைப் பார்த்தால் போதும், அழுதுகொண்டே பார்த்தாலும் போதும்!

அதற்கு முன் சொட்டு மருந்து விடுவார்கள், அதைக் கண்டு பெற்றோர் பதறுவார்கள். குழந்தையின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் ரப்பர்போல் வளையும். தன் குறையைத் தானே அமுக்கி மறைத்துவிடும் வலிமை அதற்கு உண்டு. சொட்டு மருந்து லென்ஸை வளைக்கும் தசையைச் சற்றே ஓய்வெடுக்க வைக்கிறது, ஒளிந்திருந்த பவர் வெளியே வருகிறது. மருந்தைப் பொறுத்து ஒரு நாளோ ஒரு வாரம் பத்து நாளோ கண் கூசும், பிறகு சரியாகிவிடும்.

எவ்வளவு தெளிவாகப் பார்க்கிறது என்று கைக்குழந்தையிடம் அளப்பதற்கு டெல்லர் அட்டைகள் இருக்கின்றன. சாம்பல் நிற அட்டை, ஒரு பக்கம் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகள். வெறும் சாம்பலையும் கோட்டையும் காட்டினால் எந்தக் குழந்தையும் கோட்டுப் பக்கம்தான் திரும்பும். கோடுகளை மெல்லியதாக்கிக்கொண்டே போவார்கள். எந்தக் கோட்டில் குழந்தை திரும்புவதை நிறுத்துகிறதோ, அதுதான் அதன் பார்வை எல்லை. குழந்தை பதில் சொல்லிவிட்டது, வாயால் அல்ல, கழுத்தால்!

இரண்டரை, மூன்று வயது ஆகிவிட்டால் பட அட்டை. பின்லாந்தின் கண் மருத்துவர் லேயா ஹுவரினென் 1976-இல் உருவாக்கியது. ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம், நாலே படம். மங்கினால் நாலும் ஒரே மாதிரி உருண்டையாகத் தெரியும்படி வரைந்திருக்கிறார்! அதனால் ஊகித்துத் தப்பிக்க முடியாது. பேச வெட்கப்படும் குழந்தை, கையில் இருக்கும் அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஈ! ஒரு புத்தகத்தில் பிரம்மாண்டமான ஈயின் படம். தனிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஈ தாளைவிட்டு எழும்பி நிற்கும். "றெக்கையைப் பிடி பாப்பா" என்பார்கள். சேர்ந்து பார்க்கும் குழந்தையின் விரல்கள் காகிதத்துக்கு மேலே காற்றில் கிள்ளும். சேர்ந்து பார்க்காத குழந்தை காகிதத்தைத் தடவும். வித்தியாசம் அந்த இரண்டு அங்குலத்தில் தெரிந்துவிடும். என் அக்கா மகள் முதல் நாள் காகிதத்தைத் தடவினாள்.

இனி, முதலில் சொன்ன அந்த விளக்கு. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண் சிவப்பாக ஒளிருமே, அது கண்ணின் அடித்தளத்திலிருந்து திரும்பி வரும் ஒளி. டாக்டர் பிறந்த குழந்தையின் கண்ணில் தேடுவதும் அந்தச் செவ்வொளியைத்தான். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி சிவந்தால் ஒளியின் பாதை சீராக இருக்கிறது. ஒன்றில் சிவப்பு, மற்றதில் வெள்ளை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது: கண்புரையாக இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆமாம், கைக்குழந்தைக்குக் கண்ணில் புற்றுநோய்! பதினையாயிரம், இருபதாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று. உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 குழந்தைகள். கிட்டத்தட்ட எல்லோரும் ஐந்து வயதுக்குள்தான்.

எத்தனையோ குழந்தைகளுக்கு இதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, போட்டோ! பிறந்தநாள் படத்தில் ஒரு கண் மட்டும் பூனைக் கண் மாதிரி வெள்ளையாக மின்னுவதைப் பார்த்துவிட்டு அம்மா தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். ஃபிளாஷ் விழுந்த கோணத்தாலும் சில படங்களில் வெள்ளை விழும், எல்லாமே நோய் அல்ல. ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள், அதே வாரத்தில் காட்டிவிடுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம், பெரும்பாலும் கண்ணையும். இதில் இன்னொரு வியப்பு: ஆல்ஃபிரெட் நட்சன் 1971-இல் இந்த அபூர்வ நோயின் கணக்கை வைத்துக்கொண்டுதான், ஒரு ஜீனின் இரண்டு பிரதிகளும் அடிபட்டால் புற்றுநோய் வரும் என்று சொன்னார். 1986-இல் அந்த ஜீன் பிடிபட்டது. புற்றுநோயைத் தடுத்து நிறுத்தும் ஜீன் என்று மனிதர் முதன்முதலில் கையில் எடுத்தது, ஒரு குழந்தையின் கண்ணிலிருந்து கிடைத்த துப்பில்!

"என்ன பெரிய கண்ணு! யார் கண்ணும் பட்டுரப் போகுது!" பார்க்கிறவர்களெல்லாம் கொஞ்சுவார்கள், நெற்றியில் மை வைத்துத் திருஷ்டி கழிப்பார்கள். அந்தப் பெரிய கண்ணே நோயாக இருக்கலாம் என்பது தெரியுமா? பிறவிக் கண் அழுத்த நோய். கண்ணுக்குள் நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறும். குழந்தையின் கண் இளசு, பலூன்போல விரிந்து கொடுக்கும். கூடவே நீர் வடியும், வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பும், கருவிழி பனி படிந்ததுபோல் வெளுக்கும். மேலை நாடுகளில் பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு வருவது, ஆந்திரத்தில் ஏறத்தாழ 3,300-க்கு ஒன்று என்று பதிவாகியிருக்கிறது. சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கம் அதற்கு ஒரு காரணம். அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டும் நம் வீடுகளும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

வெறுமனே நீர் வடிவதெல்லாம் இதுவல்ல. பல குழந்தைகளுக்குக் கண்ணீர்க் குழாய் திறக்கத் தாமதமாகும்; மூக்கோரம் நீவிவிடச் சொல்லித் தருவார்கள், ஒரு வயதுக்குள் பெரும்பாலும் தானே திறந்துவிடும். கண்ணில் தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, மை தீட்டுவது எதுவும் வேண்டாம். சில மைகளில் ஈயம் இருக்கிறது.

குறைமாதக் குழந்தை பிறந்த வீட்டில் இருக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கருவின் நாலாவது மாதத்தில் நடுவிலிருந்து முளைத்து, ஓரத்தைத் தொட்டு முடிப்பது பிரசவத் தேதியை ஒட்டித்தான். முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கும். சில குழந்தைகளுக்குப் பிறகு அந்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும், விழித்திரையைப் பிய்த்து இழுக்கும். 1942-இல் அமெரிக்காவின் தியோடர் டெர்ரி இதை முதலில் எழுதினார். குழந்தையைப் பிழைக்கவைக்க அளவின்றிக் கொடுத்த ஆக்சிஜனும் ஒரு காரணம் என்று 1951-இல் மெல்போர்னின் கேட் கேம்பெல் சுட்டிக்காட்டினார். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1950-இல், ஆறு வாரம் முந்திப் பிறந்து இன்குபேட்டரில் இருந்து பார்வையை இழந்த ஒரு குழந்தைதான் பின்னாளில் உலகமே கொண்டாடிய பாடகர் ஸ்டீவி வொண்டர்!

இந்தியாவின் கணக்கு மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியது: 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைவு என்றாலோ, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தை, அதாவது 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. நோய் முற்றும் நிலை தெரிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் செய்தாக வேண்டும், அவ்வளவு அவசரம்! "முதல்ல எடை போடட்டும், வீட்டுக்குப் போய்ட்டு வர்றோம்" என்று கிளம்பிவிட்டு இரண்டு மாதம் கழித்து வருகிறவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

பிறவிக் கண்புரையும் அப்படித்தான். தாத்தாவுக்கு வருகிற புரை பிறந்த குழந்தைக்கும் வரும். தாத்தா அடுத்த வருடம் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், குழந்தை காத்திருக்க முடியாது. ஒரு கண்ணில் புரை என்றால் ஆறு வாரத்துக்குள் எடுத்தால்தான் மூளை அந்தக் கண்ணோடு நன்றாகப் பழகும். 1941-இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், புரையோடு வரும் குழந்தைகள் திடீரெனக் கூடுவதைக் கவனித்து, கர்ப்ப காலத்தில் தாய்க்கு ருபெல்லா என்ற ஜெர்மன் அம்மை வந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். ருபெல்லா தடுப்பூசி கண்ணையும் காக்கிறது!

பல வருடம் பார்வையின்றி இருந்த குழந்தைக்குத் திடீரென்று கண் கிடைத்தால்? 1688-இல் அயர்லாந்தின் வில்லியம் மாலினோ, தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு இதைத்தான் கேட்டு எழுதினார்: தொட்டுத் தொட்டு உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்த பார்வையற்றவர், கண் கிடைத்ததும் தொடாமலே பார்த்துச் சொல்வாரா? முந்நூறு ஆண்டுகள் வாதம் நடந்தது. விடை கிடைத்தது டெல்லியில்! விஞ்ஞானி பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தில், அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற ஐந்து பிள்ளைகளிடம் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். சொல்ல முடியவில்லை. கையால் தெரிந்த பொருளைக் கண் அடையாளம் காணவில்லை. ஆனால் சில நாள்களிலேயே கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள்! அந்தப் பிள்ளைகள் எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். ஆகவே காலம் கடந்துவிட்டது என்று எந்தக் குழந்தையையும் கைவிட வேண்டியதில்லை. என்றாலும் அவர்களுக்கு முழுத் தெளிவு திரும்பவில்லை. காலத்தோடு சிகிச்சை செய்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தெளிவு அது.

மாலைக்கண் தெரியும்தானே, வைட்டமின் ஏ குறைந்தால் வருவது? 1990-இல் வெளியான ஓர் ஆய்வு நம் திருச்சி மாவட்டத்தில் நடந்தது. வாரம் ஒருமுறை சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது! கண்ணைக் காக்கும் வைட்டமின் உயிரையும் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்பது மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயில் ஊற்றும் வைட்டமின் ஏ மருந்து கிடைக்கிறது, விடாதீர்கள்.

பிறகு, வெயில். தென்கொரியாவின் சியோலில் 2010-இல் 19 வயது ஆண்களைப் பரிசோதித்தபோது 96.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை! நூற்றுக்கு மூன்று நாலு பேர்தான் அது இல்லாதவர்கள். சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட்டு கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது 30 சதவீதம் பேருக்கு. கொடுக்காத பள்ளிகளில் கிட்டத்தட்ட 40. மருந்தில்லை, மாத்திரையில்லை, வெளிச்சம்! தைவானில் பள்ளிப் பிள்ளைகள் தினம் இரண்டு மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதை இயக்கமாகவே நடத்துகிறார்கள். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சருக்குக் கொடுக்கிற நம் பள்ளிகள் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

எப்போது காட்டுவது? பிறந்ததும் அந்தச் செவ்வொளிச் சோதனை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் ஒருமுறை. மூன்று வயதில் கட்டாயம், இதை மட்டும் எதற்காகவும் விடாதீர்கள். ஒன்றாம் வகுப்பு சேரும் முன் இன்னொன்று, பிறகு ஆண்டுக்கொருமுறை. வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே கனமான கண்ணாடி, மாறுகண், கண்ணில் புற்றுநோய் என்று இருந்தால் தேதி பார்க்காமல் சீக்கிரமே. வெயிலில் போனால் ஒரு கண்ணை மட்டும் மூடுகிறதா? டி.வி.யைத் தலை சாய்த்துப் பார்க்கிறதா? விளையாட்டாக ஒரு கண்ணைப் பொத்தினால் சும்மா இருந்துவிட்டு, மறு கண்ணைப் பொத்தும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுகிறதா? அந்தத் தட்டிவிடுதல்தான் பேசத் தெரியாத குழந்தையின் புகார் மனு.

பணத்துக்கு எங்கே போவது என்று நினைக்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும், பார்வையும் அதன் பட்டியலில் இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று நம் ஊரில்! ஆனால் நம் நாட்டின் பள்ளிக் கண் பரிசோதனை நெடுங்காலம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளையே குறிவைத்தது. கண்ணாடி கொடுக்க அது நல்ல வயது, சோம்பிய கண்ணை எழுப்பப் பிந்திய வயது. ஸ்வீடன் நாலு வயதிலேயே எல்லாக் குழந்தைக்கும் பார்க்கிறது. அங்கே கடுமையான சோம்பேறிக் கண் 2 சதவீதத்திலிருந்து 0.2-க்கு இறங்கியிருக்கிறது! நம் அங்கன்வாடிச் சுவரிலும் அந்த ஆப்பிளும் வீடும் ஏன் தொங்கக் கூடாது?

அக்கா மகள் கதைக்கு வருகிறேன். ஒரு வருடமும் சில மாதங்களும் ஆயின. மீன் வரைந்த கட்டுகள் எத்தனை போயிருக்கும் என்று கணக்கில்லை. உளுந்தில் கல் பொறுக்குவதில் அம்மாவையே மிஞ்சினாள். கடைசியாகப் போனபோது டாக்டர் மறுபடியும் அந்தப் புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, "றெக்கையைப் பிடி" என்றார். அவள் கையை நீட்டினாள். பாதி வழியில் விரல் நின்றது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு என் பக்கம் ஒட்டிக்கொண்டாள்.

"சித்தி, அது எந்திரிச்சு நிக்குது!"